சுற்றிக் கட்டிய துணியும் தைத்த சட்டையும்

சில வாரங்களுக்கு முன் ஒரு மாணவர் விடுதியில் பேசப் போயிருந்தேன். பேச்சு முடிந்ததும் முதலாமாண்டு படிக்கும் தம்பி ஒருவர் தயங்கித் தயங்கி எழுந்தார். “சார், காந்தி சிலையில் வேட்டி, காமராசர் சிலையில் வேட்டி. நம் அம்பேத்கர் சிலையில் மட்டும் கோட்டு சூட்டு. அவர் வெள்ளைக்காரன் உடுப்பைப் போட்டவர்தானே என்று வகுப்பில் ஒருத்தன் கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை” என்றார்.

அந்தத் தம்பிக்கு அன்று நான் சொன்ன பதில் சுருக்கமானது. விரிவாகச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. நம் மாவட்டத்து மாணவர்கள் பலருக்கும் இதே கேள்வி வேறு வேறு வடிவில் வந்துகொண்டிருப்பதால் இந்த வாரம் அதையே எழுதுகிறேன்.

உலகத்தில் உடை இரண்டு வகை. ஒன்று, தறியிலிருந்து வந்த துணியை வெட்டாமல் அப்படியே உடம்பில் சுற்றிக் கட்டுவது. வேட்டி, சேலை, துண்டு, தலைப்பாகை எல்லாம் இந்த வகை. இன்னொன்று, அளவெடுத்து, வெட்டி, தைத்துப் போடுவது. சட்டை, கால்சட்டை, ரவிக்கை, கோட்டு எல்லாம் இந்த வகை. முதல் வகை உயர்ந்தது, நம்முடையது என்றும், இரண்டாவது அந்நியம் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, தைத்ததுதான் நாகரிகம், சுற்றிக் கட்டுவது பட்டிக்காட்டுத்தனம் என்ற பேச்சும் இருக்கிறது. வரலாற்றில் இரண்டுக்கும் ஆதாரம் இல்லை.

பழைய ரோமாபுரியை எடுத்துக்கொள்வோம். அங்கே ‘தோகா’ என்ற நீளமான கம்பளித் துணியை உடம்பில் சுற்றிப் போட்டுக்கொள்வார்கள். ரோமக் குடிமகனுக்கு மட்டுமே அந்த உரிமை. அடிமையும் அந்நியனும் அதைச் சுற்றக் கூடாது. தைத்த கால்சட்டையை ரோமர்கள் காட்டுமிராண்டிகளின் உடுப்பு என்று இளப்பமாகப் பார்த்தார்கள். அதே கால்சட்டை மத்திய ஆசியாவின் குதிரை வீரர்களுக்கு அன்றாடத் தேவை. சீனாவின் துர்ஃபான் பகுதியில் சுமார் 3,000 ஆண்டுப் பழமையான கால்சட்டைகள் கல்லறைகளிலிருந்து கிடைத்திருக்கின்றன. பிற்காலத்தில் ஐரோப்பியர் அளவெடுத்துத் தைத்த உடையோடு வந்து இந்தியாவை ஆண்டார்கள். இங்கே தைத்த கோட்டு அதிகாரத்தின் உடையானது. ரோமில் சுற்றிய துணிக்கு இருந்த மரியாதை, பிரிட்டிஷ் இந்தியாவில் தைத்த துணிக்குப் போனது. ஆகவே மரியாதை துணியில் இல்லை. யார் உடுத்தலாம், யார் உடுத்தக் கூடாது என்று தீர்மானிக்கும் கையில்தான் அது இருக்கிறது.

இதை நம் மண்ணைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறு இல்லை.

அரசாணை போட்டுக் காத்த சாதி

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தோள்சீலைப் போராட்டம் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். மார்பை மறைக்கும் உரிமைக்கான போராட்டம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதற்குள் ஒரு நுட்பம் இருக்கிறது.

கிறிஸ்தவத்துக்கு மாறிய நாடார் பெண்கள் மேலாடை அணியத் தொடங்கியபோது எதிர்ப்பு கிளம்பியது. 1814-ல் கர்னல் மன்றோ காலத்தில் ஓர் ஆணை வந்தது. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் அணிவதுபோல் ‘குப்பாயம்’ என்ற தைத்த மேற்சட்டையை அந்தப் பெண்கள் போட்டுக்கொள்ளலாம். ஆனால் நாயர் பெண்களைப்போல் தோளில் மேல்துணியைச் சுற்றிப் போடக் கூடாது. மிஷனரி மீட் அவர்களின் மனைவி தளர்வான, குட்டைக் கை வைத்த சட்டை ஒன்றை வடிவமைத்துக் கொடுத்தார். உடம்பு மறைந்தது. வெயிலுக்கும் பனிக்கும் அது போதும். பிரச்சினை உடம்பை மறைப்பது மட்டும்தான் என்றால் அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. பெண்கள் அந்தச் சட்டைக்கு மேலே தோள்சீலையையும் போட்டார்கள். காரணம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தைத்த சட்டை ‘நீ வேறு’ என்று காட்டுவதற்காகக் கொடுக்கப்பட்டது. தோளில் விழும் துணி ‘நானும் உனக்குச் சமம்’ என்று சொல்லியது. சந்தைகளில் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. தேவாலயங்கள் எரிக்கப்பட்டன. 1829 பிப்ரவரி 3 அன்று வந்த அரசப் பிரகடனம் மறுபடியும் அதையே சொன்னது: குப்பாயம் சரி, தோள்சீலை கூடாது.

இன்னும் 30 ஆண்டுகள் கழித்து, 1858-59 கலவரங்களுக்குப் பிறகு, சென்னை ஆளுநர் டிரெவெல்யனின் நெருக்குதலால் 1859 ஜூலை 26 அன்று இன்னொரு பிரகடனம் வெளியானது. மதம் மாறாத நாடார் பெண்களும் கிறிஸ்தவப் பெண்களைப்போல் சட்டை போடலாம், மீனவப் பெண்களைப்போல் முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம், வேறு எந்த விதமாகவும் மார்பை மறைக்கலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல் மட்டும் கூடாது. இதைத்தான் வெற்றி என்று கொண்டாடுகிறோம். வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடைசி நிபந்தனையை மறக்காமல் படிக்க வேண்டும். ஆளும் சாதிகள் மானத்துக்கு அனுமதி கொடுத்தன, சமத்துவத்துக்குக் கொடுக்கவில்லை.

நாடார் சமூகம் பட்டியல் சாதி அல்ல. அதே திருவிதாங்கூரில் அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டிருந்த புலையர், பறையர் மக்களின் நிலை இன்னும் மோசம். 1855 வரை அங்கே அடிமை முறை சட்டப்படியே இருந்தது. அந்த மக்களிலிருந்து எழுந்த அய்யன்காளி 1893-ல் தலைப்பாகை கட்டி, மேல்முண்டு போட்டுக்கொண்டு பொதுச் சாலையில் வில்லுவண்டியில் போனார். 1915-ல் கொல்லம் பகுதியில் புலையர் பெண்கள் தங்கள் அடையாளமாகச் சுமத்தப்பட்டிருந்த கல்மாலைகளை அறுத்தெறிந்துவிட்டு ரவிக்கை போட்டார்கள். அய்யன்காளி உரிமையைச் சுற்றிக் கட்டிய துணியில் எடுத்தார். அந்தப் பெண்கள் தைத்த துணியில் எடுத்தார்கள். எது மறுக்கப்பட்டதோ அதையே கையில் எடுத்தார்கள்.

நம் மாவட்டத்துக் கதை

இதெல்லாம் மலையாள நாட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. இன்றைய சிவகங்கையும் அடங்கியிருந்த பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில், 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் தன் அறிக்கையில் அவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார்.

தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் துணியாலோ, ரவிக்கையாலோ, தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது.

மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன; தானியம் அழிக்கப்பட்டது; ஆடு மாடுகள் கொள்ளை போயின. அடுத்த ஆண்டு ஜூனில் தடைகள் பதினொன்றாக நீண்டன. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று.

அந்தப் பட்டியலை மறுபடி பாருங்கள். திருவிதாங்கூரில் தைத்ததைக் கொடுத்துச் சுற்றியதை மறுத்தார்கள். இங்கே இரண்டையும் மறுத்தார்கள். சட்டையும் கூடாது, தாவணியும் கூடாது. ‘பாரம்பரிய உடை’ என்று இன்று மேடையில் பெருமை பேசப்படும் முழுநீள வேட்டியே நம் தாத்தாக்களுக்கு முழங்காலுக்குக் கீழே தடை செய்யப்பட்டிருந்தது. நம்மை உடுத்தவே விடாத ஒன்றை நம் பாரம்பரியம் என்று சொல்வது எப்படிச் சரியாகும்?

இறக்கும் வேட்டி, இறங்காத சட்டை

சுற்றிக் கட்டும் துணிக்கு ஒரு குணம் உண்டு. அதை எந்த நேரமும் மாற்றிக் கட்டலாம். வயலில் மடித்துக் கட்டலாம், கோயிலில் இறக்கி விடலாம், வெயிலில் தலையில் போடலாம். உழைக்கும் மக்களுக்கு இதைவிட வசதியான உடை இல்லை. ஆனால் சாதி இந்த வசதியையே தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது. எதிரே ஊர்க்காரர் வந்தால் தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கோ கக்கத்துக்கோ போக வேண்டும். மடித்துக் கட்டிய வேட்டி இறங்க வேண்டும். தலைப்பாகை அவிழ வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து முறை, ஒரு வார்த்தை பேசாமலே, உன் இடம் எது என்று உன் கையாலேயே உன்னைச் சொல்ல வைக்கும் ஏற்பாடு அது.

தைத்த சட்டை அப்படி வளைந்து கொடுக்காது. பொத்தான் போட்ட சட்டையைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்க முடியாது. கழற்று என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் அது சண்டை. சட்டை போட்ட ஆளைப் பார்த்து அன்று ஊருக்குக் கோபம் வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. சேலையும் வேட்டியும் கட்ட இன்னொருவர் கை நம் உடம்பில் பட வேண்டியதில்லை. தைத்த துணிக்கு ஒருவர் நம்மைத் தொட்டு அளவெடுக்க வேண்டும். தீண்டாமை இருக்கும் ஊரில் அதுவே பெரிய சிக்கல். என் அப்பா சின்னப் பையனாக இருந்தபோது தையல்காரரிடம் போனால், “பழைய சட்டை இருந்தால் கொண்டா, அதைப் பார்த்துத் தைக்கிறேன்” என்பாராம். அப்பாவுக்கு அதுதான் முதல் சட்டை. பழைய சட்டைக்கு எங்கே போவது? தையல்காரர் தள்ளி நின்று கண்ணாலேயே அளந்து தைத்துக் கொடுத்தார். கை நீளம், கழுத்து இறுக்கம். “அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் தலையைத் திருப்ப முடியாது” என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது.

என் அப்பத்தா கடைசிவரை ரவிக்கை போடவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்வார். “ஏன் அப்பத்தா ரவிக்கை போடல?” என்று ஒரு தடவை கேட்டேன். “போடணும்னு ஆசப்பட்ட வயசுல விடல. விட்ட வயசுல ஆசை இல்ல சாமி” என்றார். பிறகு வந்த சிலர் அதைக் ‘கிராமத்துப் பாட்டிகளின் எளிய அழகு’ என்று படம் பிடித்துப் போட்டார்கள். அது எளிமை இல்லை, தடை என்று அந்தப் படத்தின் அடியில் யாரும் எழுதவில்லை.

நம் மக்களுக்கு ரெடிமேட் கடை தந்த விடுதலையை இந்த இடத்தில் வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். டவுனுக்குப் போய், காசைக் கொடுத்து, நம் அளவு எண்ணைச் சொல்லி ஒரு சட்டை வாங்கலாம். யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்று அங்கே கேள்வி இல்லை.

அண்ணலின் கோட்டு

1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி தன் தைத்த உடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். ஏழைகளால் வாங்க முடியாத துணி தனக்கும் வேண்டாம் என்ற முடிவு. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றைத் துறக்க முதலில் அது நம்மிடம் இருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே உடுத்தாதே என்று அடித்துச் சொல்லப்பட்ட மக்களிலிருந்து வந்த தலைவர் அரையாடையோடு நின்றால், அது துறவாகத் தெரியாது. ஊர் விதித்த சட்டத்துக்குக் கீழ்ப்படிந்ததாகவே தெரியும். அம்பேத்கர் கோட்டுப் போட்டதன் பொருள் இதுதான். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்து வாங்கிய பட்டங்களுக்குப் பொருத்தமான உடை அது. யாருக்காகவும் இறக்கிக் கட்ட முடியாத உடையும்கூட.

ஆனால் அவர் எல்லாருக்கும் கோட்டுத் தைக்கச் சொல்லவில்லை. 1927 டிசம்பரில் மகாத்தில் கூடியிருந்த பெண்களிடம் அவர் சேலையைப் பற்றித்தான் பேசினார். உங்கள் சேலைக்கட்டும் கனமான நகைகளும் உங்களைத் தீண்டப்படாதவர்கள் என்று தூரத்திலேயே காட்டிக்கொடுக்கின்றன. மற்றப் பெண்கள் உடுத்துவதுபோல் கணுக்கால்வரை இறக்கி உடுத்துங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். துணி அதேதான், கட்டும் முறைதான் மாறியது. பெண்கள் உடனே மாற்றிக்கொண்டார்கள் என்று வரலாறு சொல்கிறது. எந்த அடையாளம் நம்மேல் திணிக்கப்பட்டதோ அதைக் கழற்று, எது மறுக்கப்பட்டதோ அதை எடுத்துக்கொள் என்பதே அவர் காட்டிய வழி.

இன்றைக்கு என்ன

“அதெல்லாம் பழைய கதை, இப்போது யார் கேட்கிறார்கள்?” என்று சிலர் சொல்வார்கள். கேட்கிறார்கள். ஜீன்ஸ் போடுகிறார்கள், கூலிங் கிளாஸ் மாட்டுகிறார்கள் என்று நம் பையன்களைப் பற்றி அரசியல் மேடையிலேயே பேசப்பட்டதைத் தமிழ்நாடு கேட்டிருக்கிறது. புதுச் சட்டையோடு வண்டியில் போகிறவனைப் பார்த்து முறைக்கிற தெருக்கள் இன்னும் இருக்கின்றன. 1930-ன் எட்டுத் தடைகளை இன்று எழுதி ஒட்ட யாருக்கும் துணிவில்லை. ஆனால் அந்தப் பட்டியல் சிலர் மனசிலிருந்து அழியவில்லை.

பள்ளிக்கூடத்தில் பாருங்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நிறத்தில் சீருடை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான இலவசச் சீருடையைத் தைப்பது மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் பெண்கள். சாதி தெரியாமல் ஒரு பிள்ளை வகுப்பில் உட்கார உதவும் உடை அது. அந்தச் சட்டைக்கைக்குக் கீழே மணிக்கட்டில் ஒரு வண்ணக் கயிறு கட்டிவிடுகிறோம். தைத்த துணி மறைத்ததைச் சுற்றிக் கட்டிய நூல் காட்டிக்கொடுக்கிறது. 2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்ட பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. 2024-ல் அந்தக் குழு அளித்த அறிக்கை சாதி காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. அதை எதிர்த்து உடை எங்கள் உரிமை, கயிறு எங்கள் நம்பிக்கை என்று வாதம் வந்தது.

அங்கேதான் வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். தன்னை மற்றவருக்குச் சமமாக்கிக்கொள்ள ஒருவர் உடுத்துவது உரிமை. மற்றவரைக் கீழே வைக்க உடுத்துவது ஆதிக்கம். தோள்சீலை போட்ட பெண்கள் யாருடைய சீலையையும் பறிக்கவில்லை. கயிறு கட்டுகிறவர் கேட்பது அதுவல்ல. ‘நீ யார்?’ என்று பக்கத்து பெஞ்சுப் பையனைக் கேட்பதற்காகத்தான் அது கட்டப்படுகிறது. நம் பிள்ளைகள் பதிலுக்கு இன்னொரு நிறத்தில் கயிறு கட்டுவதும் தீர்வு இல்லை. கல்மாலையை அறுத்தெறிந்த பெண்கள் அதற்குப் பதிலாக வேறு மாலை கேட்கவில்லை.

அம்மாக்களுக்கும் அக்காக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் கொடுக்கும் அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதற்குச் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரை வைத்திருக்கிறார்கள். நம் மக்களிலிருந்து வந்து மாநிலத்திலும் மத்தியிலும் அமைச்சரானவர் அவர். தொட்டு அளவெடுக்க மறுக்கப்பட்ட சமூகத்தின் பெண் இன்று ஊருக்கே அளவெடுக்கும் இடத்தில் உட்காரலாம். சில ஊர்களில் உட்கார்ந்தும் இருக்கிறார். எல்லாத் தெருப் பெண்களும் அவரிடம் ரவிக்கை தைக்க வருகிறார்களா என்று கவனியுங்கள். உங்கள் ஊர் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அறிய அதைவிட நல்ல கணக்கெடுப்பு இல்லை.

மாணவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் அப்பத்தாவோ தாத்தாவோ உயிரோடு இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முதல் சட்டை எப்போது? யார் தைத்தது? எந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துப் போனீர்கள்? எழுதி வையுங்கள். ஹட்டன் எழுதியது வெளியாள் எழுதிய கணக்கு. உள்ளே இருந்தவர்களின் கணக்கு இன்னும் எழுதப்படவில்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக, விடுதியில் கேட்ட அந்தத் தம்பிக்கு. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு அண்ணல் பௌத்தம் தழுவினார். வாழ்நாளின் மிகப் பெரிய அந்த நாளில் அவர் உடுத்தியிருந்தது வெள்ளைப் பட்டு வேட்டி. அதற்கு மேலே வெள்ளைக் கோட்டு. சுற்றிக் கட்டியதும் தைத்ததும் ஒரே உடம்பில். எதை உடுத்துவது என்று அவரே முடிவு செய்தார். அடுத்த முறை வகுப்பில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள், தம்பி.